கடைத்தெருவின் மேலதிக வரி: கட்டுவது யார், தீர்மானிப்பது யார்?



சென்ற மாதம் வியாழன் மாலை உரையில் கடை வாடகையோடு ஒட்டிக்கொண்டு வருகிற செலவுகளைப் பற்றிப் பேசினேன். பேச்சின் நடுவே 'பி.ஐ.ஏ. வரி' என்று ஒரு சொல் வந்தது. நிகழ்ச்சி முடிவதற்கு முன்னரே மூன்று பேர் தொலைபேசியில் அழைத்து அது என்ன என்று கேட்டார்கள். மூவரும் கடை நடத்துகிறவர்கள். விசாரித்துப் பார்த்தால், மூவருமே அந்தப் பணத்தை வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்! அன்று வானலையில் ஐந்து நிமிடத்தில் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். கடை இல்லாதவர்களும் வாசியுங்கள். நீங்கள் நடந்து போகிற தெருவில் பூச்சாடியும் நத்தார் விளக்கும் எங்கிருந்து வருகின்றன என்ற கதைதான் இது.

பி.ஐ.ஏ. என்பது பிஸ்னஸ் இம்புறூவ்மென்ற் ஏரியா என்பதன் சுருக்கம். வர்த்தக மேம்பாட்டுப் பகுதி என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் ஏரியாவுக்குப் பதிலாக டிஸ்ரிக்ற் என்று போட்டு பி.ஐ.டி. என்பார்கள். எல்லை போட்ட ஒரு கடைத்தெரு. அந்த எல்லைக்குள் வியாபாரத்துக்குரிய சொத்து வைத்திருக்கிற அனைவரிடமும் வழக்கமான சொத்துவரிக்கு மேலதிகமாக ஒரு தொகையை மாநகரசபை அறவிடும். அறவிட்ட பணத்தைத் தான் வைத்துக்கொள்ளாமல் அந்தத் தெருவின் நிர்வாகசபையிடமே கொடுத்துவிடும். நிர்வாகசபை அதை அந்தத் தெருவிலேயே செலவழிக்கும்.

இந்த ஏற்பாடு பிறந்த இடம் நியூயோர்க்கோ இலண்டனோ அல்ல. எங்களுடைய ரொறன்ரோதான். மேற்கே புளோர் வீதியில் ஜேன், ரணிமீட் சந்திகளை அண்டிய பகுதியை இன்று புளோர் வெஸ்ற் விலேஜ் என்கிறார்கள். 1964 இல் யோர்க்டேல் அங்காடி திறக்கப்பட்டது. கார் நிறுத்தக் காசு இல்லை, மழை பனி இல்லை, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. சனம் அங்கே போகத் தொடங்கியது. அதற்குப் பிறகு சுரங்க ரயில் வந்தது. 1966 இல் கீல் வரைக்கும், 1968 இல் இஸ்லிங்ரன் வரைக்கும். சுரங்க ரயில் வந்தால் வியாபாரம் பெருகும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. அதுவரை தெருவில் ஓடிய ட்ராமில் இருந்தபடி கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு போனவர்கள், இப்போது கடைகளுக்குக் கீழே நிலத்தடியால் போகத் தொடங்கினார்கள். கடைக்காரருக்குத் தலைக்குமேல் வந்த இடி அல்ல, காலுக்குக் கீழே வந்த இடி.

அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒரு வியாபாரிகள் சங்கம் இருந்தது. விரும்பியவர் சந்தா கொடுக்கலாம். இந்த விரும்பிய சந்தாவின் கதை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஊரில் கோயில் திருவிழாவுக்குத் தெரு முழுக்கச் சோடனை போட்டு விளக்குக் கட்ட ஒவ்வொரு கடையாகப் போய்க் காசு சேர்ப்போம். ஐந்து பேர் மனமுவந்து தருவார்கள், நாலு பேர் நாளைக்கு வரச் சொல்வார்கள், ஒருவர் கடையின் பின்பக்கத்தால் போய்விடுவார். ஆனால் விளக்கு எரியும்போது வெளிச்சம் காசு தராதவருடைய கடை வாசலிலும்தான் விழும். அவருடைய வாசலை மட்டும் இருட்டாக வைக்க முடியாது. அடுத்த வருடம் காசு தந்த ஐவரில் இரண்டு பேர் யோசிப்பார்கள்.

புளோர் வீதிக் கடைக்காரர்கள் அதே இடத்தில்தான் முட்டி நின்றார்கள். அவர்கள் கண்ட வழி, எல்லோரும் கட்டாயம் கட்ட வேண்டும் என்று சட்டமே செய்யச் சொல்லிக் கேட்பது. தங்கள் மீது வரி போடும்படி வியாபாரிகளே அரசாங்கத்திடம் போய்க் கேட்டார்கள் என்பதை நான் முதலில் படித்தபோது நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒன்ராறியோ அரசு 1969 இன் கடைசியில் அதற்கு இடம் கொடுத்தது. 1970 இல் ரொறன்ரோ மாநகரசபை துணைவிதி நிறைவேற்றியது. உலகத்தின் முதலாவது பி.ஐ.ஏ. அதுதான். மரங்களில் விளக்கு, இருக்கைகள், பூச்சாடிகள், விழாக்கள் என்று தொடங்கினார்கள். இன்று ரொறன்ரோவில் மட்டும் எண்பதுக்கு மேற்பட்ட பி.ஐ.ஏ.க்கள் இருக்கின்றன. 1970களின் நடுப்பகுதியில் நியூ ஓர்லியன்ஸ் நகரம் இந்த வழியை எடுத்துக்கொண்டது. நியூயோர்க்கின் ரைம்ஸ் ஸ்குவயரில் 1992 இல் தொடங்கினார்கள். இங்கிலாந்து 2003 இல் சட்டம் செய்தது.

இனி என்னுடைய தொழிலுக்குரிய பகுதிக்கு வருகிறேன். பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வருமானவரியில் வீதம் முதலில், தொகை பிறகு. இங்கே தலைகீழ். அடுத்த வருடம் தெருவுக்கு என்ன தேவை என்று முதலில் வரவு செலவுத் திட்டம் போடுகிறார்கள். அந்தத் தொகையை எல்லைக்குள் இருக்கும் வியாபாரச் சொத்துகளின் மொத்த மதிப்பீட்டால் பிரித்து வீதத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் புரிவதற்காக எடுத்த ஓர் உதாரணத்தைப் பாருங்கள். ஒரு தெருவின் திட்டம் 300,000 டொலர். அந்தத் தெருவின் வியாபாரச் சொத்துகளின் மொத்த மதிப்பு 200 மில்லியன் டொலர். வீதம் 0.15 சதவீதம். உங்கள் கட்டடத்தின் மதிப்பு 1.2 மில்லியன் என்றால் அதன் பங்கு வருடத்துக்கு 1,800 டொலர். அந்தக் கட்டடத்தில் ஒரே அளவான மூன்று கடைகள் இருந்தால் ஒரு கடைக்கு 600 டொலர், மாதம் 50 டொலர். கடைக்கு மேலே குடியிருக்கும் வீடுகளுக்கு இந்த வரி கிடையாது.

மதிப்பீட்டைச் செய்வது எம்பாக் என்ற மாகாண நிறுவனம். 2020 இல் வரவிருந்த மறுமதிப்பீடு கொவிட் காரணமாகத் தள்ளிப் போடப்பட்டதால், 2025 ஆம் ஆண்டு வரிக்கும் 2016 ஜனவரி 1 ஆம் திகதி மதிப்பையே பாவித்தார்கள். மதிப்பீடு மாறாதபோதும் உங்கள் பி.ஐ.ஏ. தொகை ஏறலாம். திட்டம் பெருத்தால் வீதம் ஏறும். பக்கத்தில் ஒரு பெரிய கடைக் கட்டடத்தை இடித்துக் குடியிருப்பு மாடி கட்டினாலும் ஏறும். வியாபாரச் சொத்து குறைந்துவிட்டது, அதே தொகையை மிஞ்சியவர்கள் பகிர வேண்டும் அல்லவா?

இன்னுமொரு விஷயம் கணக்காளர் கண்ணுக்கு மட்டும் தெரிவது. ரொறன்ரோ பி.ஐ.ஏ. திட்டங்களில் 'அறவிட முடியாமற் போகக்கூடிய வரி' என்ற பெயரில் பத்து சதவீதம் அளவில் ஒரு தொகை இருக்கும். யாரோ களவெடுக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். அப்படியல்ல. பெரிய கட்டடக்காரர்கள் தங்கள் மதிப்பீட்டை எதிர்த்து மேன்முறையீடு செய்வார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அவர்கள் வென்றால், கூடுதலாக வாங்கிய பி.ஐ.ஏ. பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஒதுக்கீடு. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஒதுக்கீட்டில் மிஞ்சியது எங்கே போனது, சேமிப்பு நிதியில் எவ்வளவு நிற்கிறது என்பது. கணக்கறிக்கை ஒவ்வொரு வருடமும் தணிக்கை செய்யப்படுகிறது. உறுப்பினர் அதைக் கேட்டு வாங்கலாம்.

இந்தப் பணம் சொத்துவரிப் பட்டியலிலேயே வருகிறது. சொத்துவரியைப் போலவே அறவிடப்படும். சங்கத்துச் சந்தா மாதிரி இந்த வருடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பட்டியல் யாருடைய பெயருக்கு வரும்? கட்டட உரிமையாளருடைய பெயருக்கு. கட்டுவது யார்? எங்களுடைய கடைக்காரரில் பெரும்பாலானோர் வாடகைக்காரர். வாடகை ஒப்பந்தத்தில் அடிப்படை வாடகை ஒன்று, அதற்கு மேல் ரி.எம்.ஐ. என்று ஒன்று. வரி, பராமரிப்பு, காப்புறுதி மூன்றும் சேர்ந்தது ரி.எம்.ஐ. பி.ஐ.ஏ. தொகை அந்த வரிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் எச்.எஸ்.ரி. 13 சதவீதமும் வரும். சொத்துவரிக்கு எச்.எஸ்.ரி. இல்லையே என்று கேட்பீர்கள். உரிமையாளர் மாநகரசபைக்குக் கட்டும்போது இல்லை. அவர் உங்களிடம் வாங்கும்போது அது மேலதிக வாடகை, ஆகவே உண்டு. நீங்கள் எச்.எஸ்.ரி. பதிவு செய்தவரென்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், மறக்க வேண்டாம்.

ஆக, பட்டியல் ஒருவர் பெயரில், பணம் இன்னொருவர் பையிலிருந்து. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த இடத்தைச் சொல்வதற்குத்தான். ஏனென்றால் சட்டம் இந்த இன்னொருவரை மறக்கவில்லை. ஒன்ராறியோவின் நகராட்சிச் சட்டப்படி, எல்லைக்குள் இருக்கும் வியாபாரச் சொத்தின் உரிமையாளர்களும் உறுப்பினர், அந்தச் சொத்தின் வாடகைக்காரர்களும் உறுப்பினர். விண்ணப்பம் இல்லை, சந்தா இல்லை. கடையைத் திறந்த நாளிலிருந்து நீங்கள் உறுப்பினர். ஒருவருக்கு எத்தனை கட்டடம் இருந்தாலும் ஒரு வாக்குத்தான். பத்துக் கடை வைத்திருக்கிற கட்டட முதலாளிக்கும் ஒரு வாக்கு, அவருடைய மூலைக் கடையில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிற தம்பிக்கும் ஒரு வாக்கு.

இது எல்லா ஊரிலும் இப்படி இல்லை. நியூயோர்க்கில் நிர்வாகசபையில் பெரும்பான்மை கட்டட உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்தில் இன்னொரு விதம். அங்கே பெரும்பாலும் கடையை நடத்துகிறவரே நேரடியாக வரி கட்டுகிறார், அவரே வாக்களிக்கிறார். ஆட்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், சொத்து மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். அதுவும் ஐந்து வருடத்துக்கு மேல் செல்லாது, திரும்ப வாக்கெடுப்பு வைக்க வேண்டும். எனக்கு அந்த ஐந்து வருடக் கெடு பிடித்திருக்கிறது. இங்கே ஒரு தடவை அமைத்தால் யாராவது கலைக்கச் சொல்லிக் கேட்கும்வரை அது இருந்துகொண்டே இருக்கும்.

அமைப்பதற்கும் முறை உண்டு. ரொறன்ரோவில் வாக்குச்சீட்டு அனுப்புகிறார்கள். திரும்பி வந்த செல்லுபடியான சீட்டுகளில் பாதிக்கு மேல் ஆம் என்று இருக்க வேண்டும். ஒன்ராறியோவின் மற்ற நகரங்களுக்கு மாகாணச் சட்டம் சொல்வது வேறு. அங்கே ஆம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நகரசபை அறிவித்தல் அனுப்பும். அறுபது நாளுக்குள் மூன்றிலொரு பங்கினர் எழுத்தில் எதிர்க்க வேண்டும், அவர்கள் அந்தப் பகுதியின் வியாபாரச் சொத்துவரியில் மூன்றிலொரு பங்கைக் கட்டுகிறவர்களாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணைவிதி நிறைவேறலாம். மௌனம் சம்மதம் என்பது அங்கே பழமொழி அல்ல, சட்டம்! அறிவித்தல் போவது உரிமையாளருக்கு. வரியில் பங்கு கட்டுகிற வாடகைக்காரருக்கு அவர் முப்பது நாளுக்குள் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகசபை எப்படி அமைகிறது? பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் தெரிவு செய்கிறார்கள், மாநகரசபைத் தரப்பு அவர்களை நியமிக்கிறது. அந்தத் தொகுதியின் நகரசபை உறுப்பினரும் சபையில் இருப்பார். பதவிக்காலம் நகரசபையின் நாலு வருடத்தோடு ஓடும். திட்டத்தை நிர்வாகசபை வரையும், பொதுக்கூட்டம் வாக்களிக்கும், மாநகரசபை இறுதியாக அங்கீகரிக்கும். அங்கீகரித்த திட்டத்தில் இல்லாத செலவு செய்யக் கூடாது. கடன் வாங்கக் கூடாது. பூங்கா இருக்கை, தெருவிளக்கு போன்ற நிரந்தர வேலைகளுக்கு ரொறன்ரோ மாநகரம் பாதிப் பங்கு தரும் திட்டம் ஒன்றும் உண்டு. தெரு ஒரு டொலர் போட்டால் நகரம் ஒரு டொலர்.

எதற்குச் செலவழிக்கலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. பொதுச் சொத்தை, நகரம் வழமையாகச் செய்வதற்கு மேலாக அழகுபடுத்திப் பராமரிப்பது; அந்தப் பகுதியை வியாபார இடமாக விளம்பரப்படுத்துவது. 'மேலாக' என்ற சொல்தான் முக்கியம். குப்பை எடுப்பது நகரத்தின் கடமை. கிழமைக்கு இன்னும் இரண்டு தரம் கூட்டுவது பி.ஐ.ஏ. வேலை. உங்கள் சொந்தக் கடையின் கூரையைத் திருத்த இதில் ஒரு சதமும் எடுக்க முடியாது.

நகரின் நடுப்பகுதிக்குப் போனால் அளவே வேறு. ஈற்றன் சென்ரர் இருக்கிற டவுண்ரவுண் யங் பி.ஐ.ஏ. 2001 இல் அமைந்தது. வங்கிகளின் கோபுரங்கள் இருக்கிற நிதி வட்டாரத்துக்குத் தனியாக ஒன்று உண்டு. கட்டடங்களின் மதிப்பு பெரியது என்பதால் சிறிய வீதமே பெருந்தொகையைத் தரும். முழுநேர ஊழியர்கள், துப்புரவுக் குழு, வீதியில் படுத்திருப்பவர்களோடு பேசி உதவி காட்டும் ஆட்கள் என்று அவர்களால் வைத்துக்கொள்ள முடிகிறது. மாநகரசபைக்கு ஒரு திட்டம் வரும்போது பேசுவதற்கு ஆள் இருக்கிறது. சின்னத் தெருவின் பி.ஐ.ஏ.க்கு ஒரு பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் இருந்தாலே பெரிது, மிச்சமெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வருகிற தொண்டர்கள்தான். என்னைப் போல.

எங்களுடைய ஆட்களுக்குத் தெரிந்த உதாரணம் ஜெராட் வீதி. 1972 இல் அங்கே நாஸ் என்ற திரையரங்கு இந்தியப் படங்களைக் காட்டத் தொடங்க, அதைச் சுற்றிக் கடைகள் வந்தன. எண்பதுகளில் ஸ்காபுறோவில் எங்கள் கடைகள் பெருகுவதற்கு முன்னர், மிளகாய்த்தூளுக்கும் முருங்கைக்காய்க்கும் அங்கேதானே போனோம்? அந்தத் தெருவுக்கு பி.ஐ.ஏ. உண்டு, தெருவிழா உண்டு. ஸ்காபுறோவில் லோறன்ஸ் வீதியில் வெக்ஸ்ஃபோர்ட் ஹைற்ஸ் பி.ஐ.ஏ. நடத்துகிற சாப்பாட்டு விழாவுக்குப் போகாதவர்கள் குறைவு. ஷெப்பேர்ட் கிழக்கிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் தமிழ்க் கடைகளில் கணிசமானவை பிளாசாக்களுக்குள் இருப்பவை. பெரும்பாலான பிளாசாக்கள் எந்த பி.ஐ.ஏ. எல்லைக்குள்ளும் இல்லை. அங்கே தரிப்பிடமும் விளக்கும் பிளாசா முதலாளியின் பொறுப்பு. கணக்குக் கேட்பதற்குப் பொதுக்கூட்டம் ஏதும் அங்கே கிடையாது.

நல்லதை மட்டும் சொல்லிப் போவது நியாயமில்லை. தெரு அழகானால் சனம் வரும். சனம் வந்தால் கட்டடத்தின் மதிப்பு ஏறும். ஒப்பந்தம் முடியும்போது வாடகையும் ஏறும். பூச்சாடிக்குக் காசு கொடுத்த வாடகைக்காரரே அந்த வாடகையைத் தாங்காமல் வெளியேற நேரலாம், கட்டடக்காரருக்கோ இரண்டு பக்கமும் இலாபம். இந்தக் குறையை பி.ஐ.ஏ.யின் ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. அடுத்தது, பெரிய அடி வரும்போது இந்த அமைப்பின் பலம் கொஞ்சம்தான். எக்ளிங்ரன் வீதியில் 2011 இல் ரயில் பாதைக்குத் தோண்டத் தொடங்கினார்கள். பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. அந்தத் தெருவின் பி.ஐ.ஏ.க்கள் சத்தம் போட்டும் கடைகள் மூடப்பட்டன. சத்தம் போட ஓர் ஆள் இருந்தது என்பதுதான் மிச்சம். அதுவும் சின்ன விஷயமல்ல என்பது என் கட்சி.

என்னிடம் கணக்குக்கு வருகிற ஒரு உணவகக்காரர் எட்டு வருடம் இந்த வரியைக் கட்டியிருந்தார். பொதுக்கூட்டம் ஒன்றுக்கும் போனதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போன வருடம் அவரோடு நானும் போனேன். தேவாலய மண்டபம், கோப்பி, பதினாறு பேர். அவர்கள் கைதூக்க அந்த வருடத்துப் பல இலட்சம் டொலர் திட்டம் நிறைவேறியது. பதினாறு பேரில் எட்டுப் பேர் கட்டட உரிமையாளர். தெருவில் தமிழ்க் கடை ஆறு இருந்தும் வந்தவர் இவர் ஒருவர்தான். "கோடை விழாவை இரவு எட்டு மணிக்கு முடித்தால் எங்களுடைய சனம் எப்போது வரும்?" என்று கேட்டார். குறிப்பில் எழுதினார்கள். இந்த வருட விழா பத்து மணிவரை நடந்தது.

ரொறன்ரோவில் இந்தப் பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும். செப்ரெம்பர் பிறந்ததும் உங்கள் பி.ஐ.ஏ. அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி எடுத்துத் திகதியைக் கேளுங்கள், உங்கள் மின்னஞ்சலைப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். எல்லைக்குள் இருக்கிறீர்களா என்று தெரியாவிட்டால் கட்டடக்காரரிடம் கடைசிச் சொத்துவரிப் பட்டியலின் பிரதியைக் கேளுங்கள், மாநகரசபையிலும் பி.ஐ.ஏ.க்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. கடை கொம்பனியின் பெயரில் இருந்தால் வாக்களிக்கப் போகிறவரைப் பெயர் குறித்து ஒரு கடிதம் கையில் இருக்க வேண்டும். உங்கள் மனைவியோ கணவரோ கடையில் நின்று வேலை செய்கிறவராக இருந்தாலும், கடிதம் இல்லாமல் போனால் கோப்பியைக் குடித்துவிட்டு வரவேண்டியதுதான்.